வென்னா டோல்மனின் இரண்டு ஏற்றங்கள்

வயோமிங்கின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது ஆல்மா பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் அங்கே யார் எப்போது வீட்டைவிட்டு வெளியே வரலாம் என்று முடிவு செய்பவள் வென்னா டோல்மன். மாவட்டத்துப் பனி தள்ளும் லாரி அவள் கையில். அவள் முன்னே போனால்தான் பின்னால் பள்ளிப் பேருந்து வரும், பால் லாரி வரும். அந்தப் பால் லாரியை ஓட்டியவன் நான். பல வருடம் அவளுடைய பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறேன். மார்ச் மாதம் சம்மட்டி மலையில் நடக்கும் பனிவண்டி ஏற்றப்போட்டியில் மைக் பிடித்துக் கத்துகிறவனும் நான்தான்.

வென்னா குட்டையான பெண். தோள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள். தேவாலயத்தில் பின் வரிசையில் உட்காருவாள், பாடமாட்டாள். அவள் புருஷன் டெல், சீஸ் ஆலையில் வேலை செய்தான். நிதானமான ஆள். ஒரு கேள்வி கேட்டால் அவன் பதில் வருவதற்குள் நாம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்துவிடலாம். அவளுடைய அண்ணன் கார்ன் ஹோகன்சன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அவன் டெல்லுக்கு நேர் எதிர். வாய் ஓயாது.

மூவருக்கும் பொதுவாக இருந்தது பனிவண்டி, முன்னால் சறுக்குக்கட்டையும் அடியில் சுழலும் பட்டையுமாகப் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி. சனிக்கிழமை வந்தால் பிக்கப்பின் பின்னால் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வெண்ணெய்ச்சட்டிக்குப் போய்விடுவார்கள். பால்மாட்டுக்காரர்கள் வைத்த பேர் அது. மூன்று பக்கமும் செங்குத்தாக எழுந்து, நடுவில் குழிந்து, முழுக்க வெள்ளையாக நிற்கும் ஒரு மலைக்குடைவு. அங்கே விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். ஒருவர் பின் ஒருவராக முழு விசையில் சரிவில் ஏற வேண்டும். வண்டிக்கு மூச்சு முட்டும் இடத்தில் திருப்பி இறங்கிவிட வேண்டும். பட்டை கிழித்த தடம் கவிழ்த்த லாடம் போல சரிவில் நிற்கும். யார் தடம் மேலே இருக்கிறதோ அன்றைக்கு அவர் பேச்சுதான் பேச்சு.

அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பதில் சொன்னாள்.

"பாதி தாண்டினதும் எஞ்சின் சத்தம் மாறும் லைமன் அண்ணே. வண்டி நெட்டுக்கு நிக்கும். எதிர்ல மலை தெரியாது, வானம்தான் தெரியும். அங்கதான் திருப்பணும். கொஞ்சம் முந்திட்டா உன் தடத்தைப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்க. கொஞ்சம் பிந்திட்டா வண்டி உன் மேலயே உருளும். அந்த இடத்துல மட்டும் மண்டைக்குள்ள வேற எதுவும் ஓடாது. வீடு, வேலை, பசங்க, ஒண்ணும் கிடையாது."

வெண்ணெய்ச்சட்டியில் பெரும்பாலும் கார்னின் தடம்தான் உச்சியில் இருக்கும். அவளுடையது அதற்குக் கொஞ்சம் கீழே. டெல் பாதியிலேயே திருப்பிவிடுவான்.

ஒரு ஜனவரியில் பெரும்பனி பெய்து, இரண்டு நாள் காற்று வீசி, பிறகு வானம் வெளுத்தது. ஐந்து பேர் கிளம்பிப் போனார்கள். குடைவின் வாயில் நுழையும்போது வென்னாவின் வண்டிக்கு அடியில் பனி 'தொம்' என்று ஒரு சத்தம் போட்டு அமுங்கியது. கீழே இருக்கும் வெற்றிடத்தில் மேல்பனி உட்காரும் சத்தம் அது. சரிவு மொத்தமாகப் பெயர்ந்து வரலாம் என்பதற்கு அடையாளம். மற்றவர்கள் எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை. அவள் வண்டியைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டாள்.

"இன்னிக்கு வேணாம். திரும்புங்க."

"ஏண்டி, என்ன ஆச்சு? வயித்து வலியா?" என்றான் கார்ன்.

"பனி உக்காந்துச்சு. சத்தம் கேட்டேன்."

"காலைல தின்ன பீன்ஸா இருக்கும். வழிய விடு."

அவள் விடவில்லை. இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு, வண்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் டெல் தன் வண்டியைத் திருப்பினான். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் திரும்பினார்கள்.

மறுநாள் ஐடஹோ பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து அதே சரிவில் காலையிலிருந்து மாலை வரை ஏறி இறங்கியது. ஒரு பிடி பனி நகரவில்லை.

கார்னுக்கு அது போதும். அன்றிலிருந்து அவளுக்குத் 'தொம்' என்று பேர் வைத்துவிட்டான். பெட்ரோல் பங்கில், கூடைப்பந்து ஆட்டத்தில், தேவாலய விருந்தில் எங்கே பார்த்தாலும் இதே பாட்டு. யாராவது கதவைச் சாத்தினால், "ஐயோ, தொம்முன்னு கேட்டுச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்பான். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். வென்னா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காதில் விழாதவள் போல சோளரொட்டியைத் தின்றுகொண்டிருப்பாள்.

இப்படி இரண்டு குளிர்காலம் போனது.

அடுத்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வென்னா, டெல், கார்ன் மூவர் மட்டும் போனார்கள். இதமான நாள். முந்தின நாள்கூட வெயில் அடித்திருந்தது. கார்ன் முதலில் ஏறி, குடைவின் உச்சிப் பாறைக்குக் கீழே எட்டிய தூரத்தில் தன் லாடத்தைப் போட்டுவிட்டு இறங்கினான். இறங்கியவன் தலைக்கவசத்தைக் கழற்றி, "தொம், நீ போறியா, இல்ல காதைத் தீட்டிக்கிட்டு இங்கயே நிக்கிறியா?" என்று கேட்டான்.

இந்த வார்த்தைதான் அவளை மேலே அனுப்பியது என்று ஊரில் பலர் இன்றும் சொல்கிறார்கள். அவள் அதை ஒப்புக்கொண்டதில்லை. "அவன் கேக்கலைன்னாலும் போயிருப்பேன். சரிவு அவ்ளோ நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வாள். அன்றைக்கு எந்தச் சத்தமும் அவள் காதில் விழவில்லை என்பதும் உண்மை.

அவள் ஏறினாள். கீழே இருந்து பார்த்த டெல் பிற்பாடு சொன்னது: அவள் அவ்வளவு அழகாக ஏறி அவன் பார்த்ததே இல்லை. முழங்காலை மடக்கி, உடம்பை ஹேண்டில்பாருக்கு மேல் சாய்த்து, பின்னால் வெள்ளை வால் பறக்க நேர்கோடாகப் போனாள். கார்னின் தடத்தைத் தாண்டினாள். இன்னும் போனாள். பாறைக்கு அடியில் திருப்பினாள். அந்தத் திருப்பத்தின் மேலேதான் கோடு விழுந்தது. குடைவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, கண்ணாடி விரிசல் விடுவது போல. அதன் பிறகு அந்தச் சரிவு முழுவதும் ஒரே பலகையாக நகர்ந்து, துண்டு துண்டாக உடைந்து, புகையாக எழுந்தது.

அவள் ஓரமாக ஓட்டித் தப்பப் பார்த்தாள். விசையை விடவேயில்லை. பனி அவள் வண்டியைப் பக்கவாட்டில் அடித்துப் பிடுங்கிக்கொண்டது. நீந்துவது போலக் கையை வீசினாள். தொடை எலும்பு முறிந்த சத்தத்தை அவளே கேட்டாளாம். பிறகு எல்லாம் நின்றது. நின்ற நொடியில் பனி சிமெண்ட் போல இறுகிவிட்டது. ஒரு கை முகத்துக்கு முன்னால் மடங்கியிருந்ததால் மூக்குக்கு எதிரே கிண்ணம் அளவு இடம் கிடைத்தது. வேறு எதையும் அசைக்க முடியவில்லை. கண் இமைகூட.

புதைந்தவர் கத்தினால் மேலே இருப்பவருக்குக் கேட்காது. மேலே இருப்பவர் பேசுவது மட்டும் சில சமயம் கீழே வந்து சேரும். வென்னாவுக்கு வந்து சேர்ந்தது.

முதலில் டெல்லின் குரல். புதைந்தவரைச் சிக்னல் வைத்துக் கண்டுபிடிக்க ஆளுக்கொன்று கட்டிக்கொண்டு போகும் தேடும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆலையில் சீஸ் தொட்டிக்கு வெப்பம் பார்ப்பவன் போல நிதானமாகப் பேசினான்.

"மச்சான், உன் பெட்டி இன்னும் சிக்னல் அனுப்புது. தேடுற பக்கம் மாத்து. அதான், அந்தக் குமிழ். மாத்திட்டியா? இப்ப அங்கயே நில்லு. நகராத."

பிறகு கார்னின் குரல். அவன் அழுதுகொண்டிருந்தான். அழுகைக்கு நடுவே பிரார்த்தனை செய்தான். விருந்துக்குத் தவிர இருபது வருடமாகத் தேவாலயத்து வாசலை மிதிக்காதவன்.

"அப்பா, பரலோகத்துல இருக்கிற அப்பா, இவள மட்டும் குடுத்துடு. நான் வண்டிய வித்துடுறேன். இனிமே ஏறவே மாட்டேன். அவள ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். குடுத்துடுப்பா."

"மச்சான், மண்வெட்டிய எடுத்துட்டு வா" என்றான் டெல்.

தனக்குச் சிரிப்பு வந்தது என்கிறாள் வென்னா. சிரிக்க இடமில்லை. அதன் பிறகு குரல்கள் தூரமாகப் போய்விட்டன. தூக்கம் வருவது போல இருந்தது, பயம் இல்லை, அது மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பனிக்குள் குத்திப் பார்க்கும் துழாவுகோல் அவள் முதுகில் பட்டது. இருவரும் தோண்டினார்கள். முகம் வெளியே வந்தபோது உதடு நீலமாக இருந்தது, மூச்சு இல்லை. டெல் அவள் வாயிலிருந்த பனியை விரலால் வழித்துவிட்டு ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான். கார்ன் பக்கத்தில் மண்டியிட்டு கழன்று கிடந்த அவள் கையுறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான், அந்தக் கையுறைக்குள் கையே இல்லை என்று தெரியாமல். ஒரு இருமல் வந்தது. பிறகு அவள் கண்ணைத் திறந்து, "காலு" என்றாள்.

ஹெலிகாப்டர் வந்தது. தொடையில் கம்பி வைத்தார்கள். தோள்பட்டை பழைய நிலைக்கு வரவில்லை. இன்றும் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கமாட்டாள்.

அவள் வீட்டுக்கு வந்த வாரத்தில் எங்கள் பெண்கள் வழக்கப்படி உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட தட்டுகளைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் பண்டம் அது. வென்னா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாரும் அவசரப்பட்டுட்டீங்க போல. எடுத்துட்டுப் போய் பிரிட்ஜுல வைங்க, பின்னாடி ஆகும்" என்றாள். என் மனைவி வாசல்வரை வந்துதான் சிரித்தாள்.

ஊருக்கு விசித்திரமாகப் பட்டது கார்ன்தான். தொம் என்ற பேர் ஒரே நாளில் செத்துப்போனது. ஞாயிறுதோறும் வென்னா வீட்டு வாசலில் பனி வாருவான், விறகு அடுக்குவான், "வேற எதாவது வேணுமாம்மா?" என்று கேட்பான். அந்த 'அம்மா'தான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த வசந்தத்தில் ஒரு விருந்தில் நானும் இருந்தேன். கார்ன் அவளுடைய தட்டில் இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"கத்திய கீழ வை அண்ணா. கால்தான் ஒடிஞ்சுது, பல்லு இருக்கு."

"சரிம்மா."

"இன்னொரு வாட்டி அம்மான்னு கூப்பிட்டா இந்தத் தட்டு உன் தலைல." கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "வண்டிய எப்ப விக்கப் போற?"

கார்னுக்கு விளங்கவில்லை. "எந்த வண்டி?"

"பரலோகத்து அப்பாகிட்ட சொன்னியே, அந்த வண்டி."

கார்னின் கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது.

"உனக்குக் கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு. பெட்டிய மாத்தாம நின்னது, மூக்கு சிந்தினது உட்பட."

டெல் தலையைக் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். கார்னும் கடைசியில் சிரித்துவிட்டான். ஆனால் அடுத்த மாதம் வண்டியை நிஜமாகவே விற்றுவிட்டான். வென்னா, "வேடிக்கைக்குச் சொன்னேன்டா, வாங்கினவன்கிட்டயே திருப்பி வாங்கு" என்று சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

ஏறுவதை விட்டவனால் சரிவை விட முடியவில்லை. சம்மட்டி மலைப் போட்டியில் பிடிகாரனாகச் சேர்ந்தான். ஓட்டுபவர் விழுந்ததும் ஆளில்லாத வண்டி பீப்பாய் போல உருண்டு வரும். வழுக்காமலிருக்கக் காலில் இரும்பு முள்ளு கட்டிக்கொண்டு, சரிவின் நடுவில் நின்று, அதைக் கயிறும் கொக்கியும் போட்டு மடக்குவது பிடிகாரர்கள் வேலை. ஏறுவதைவிட அது பாதுகாப்பானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கார்ன் அப்படித்தான் சொன்னான்.

கால் தேறியதும் வென்னா மறுபடி லாரி ஓட்டப் போனாள். அதற்கடுத்த குளிர்காலம், சம்மட்டி மலைப் போட்டியில் பெண்கள் பிரிவுக்குப் பேர் கொடுத்தாள். அதுவரை போட்டியே ஓட்டாதவள். வயது நாற்பத்தைந்தை நெருங்கியிருந்தது. கூடப் பேர் கொடுத்த பெண்கள் அவள் மகள் வயது.

சம்மட்டி மலை பனிச்சறுக்கு விடும் மலை. பனி அழுத்திக் கெட்டியாக்கப்பட்டது, சரிந்து மூடாது. ஆனால் உச்சிக்குக் கீழே பாறை ஒன்று நெற்றியைச் சுருக்கியது போல வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதற்குப் புருவம் என்று பேர். போட்டிக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை புருவத்தில் மல்லாந்துவிடும். அதைத் தாண்டி உச்சிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறவர்கள் ஒரு வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

டெல் அவளைத் தடுக்கவில்லை. "போறதுன்னா போ. நான் வந்து பாக்கமாட்டேன். ஒரு தடவை பாத்துட்டேன்" என்று மட்டும் சொன்னான். அவர்களுக்குள் இதைப் பற்றி நடந்த மொத்தப் பேச்சும் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

முதல் வருடம் புருவத்தில் அவள் வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டது. அவள் பக்கவாட்டில் குதித்தாள். ஆள் விழுந்தால் எஞ்சினை அணைக்கக் கையில் கட்டியிருக்கும் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றது. வண்டி தலைகீழாகச் சுழன்று கார்ன் நின்ற பக்கம் வந்தது. மைக்கில் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். கார்ன் ஒதுங்கி, கொக்கியை வீசி, கயிற்றோடு சேர்ந்து பத்தடி இழுபட்டு, நின்றான். பிறகு மேலே பார்த்துக் கத்தினான்.

"ஏண்டி, என்னைக் கொல்லணும்னா வீட்லயே கொல்லலாமே! இவ்ளோ தூரம் ஏறணுமா?"

பழைய கார்ன் திரும்பிவிட்டான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வென்னா சரிவில் உட்கார்ந்தபடியே அவனுக்குக் கையை ஆட்டினாள்.

அடுத்த வருடமும் வந்தாள். அன்று வெயில். மதியத்துக்குள் பனி இளகி, முன்னால் ஏறியவர்களின் பட்டைகள் புருவத்துக்கு அடியில் ஒரு அகழியே வெட்டிவிட்டன. போட்டி விதிப்படி, ஊன்றிய இரட்டைக் கம்பங்களுக்கு நடுவே புகுந்துதான் ஏற வேண்டும். ஒரு ஜோடியைத் தவறவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் செல்லாது. கடைசி ஜோடி அந்த அகழிக்கு நேர் மேலே நின்றது. அவளுக்கு முன்னால் போன பெண்கள் அத்தனை பேரும் அங்கே விழுந்திருந்தார்கள்.

வென்னா கிளம்பினாள். கீழ்ச்சரிவை வேகமாகத் தாண்டினாள். நடுவில் ஒரு திட்டில் வண்டி பக்கவாட்டில் துள்ளியது. உடம்பு முழுவதையும் ஒரு பக்கம் தொங்கவிட்டு நிமிர்த்தினாள். புருவத்தை நெருங்கும்போது வழக்கமாக எல்லோரும் ஒரு கணம் தயங்குவார்கள், எஞ்சின் சத்தத்திலேயே தெரியும். அவளிடம் அந்தத் தயக்கம் கேட்கவில்லை. அகழிக்கு முன்னால் சட்டென்று இடப்பக்கம் ஒடித்தாள். கம்பத்துக்கு வெளியே, பாறையும் பனியும் கலந்த ஒரு சந்தில் சறுக்குக்கட்டை பொறி பறக்க ஏறினாள். வண்டி செங்குத்தாக நின்றது. அப்படியே பின்னால் விழப்போகிறது என்று கூட்டம் முழுவதும் ஒரே குரலில் 'ஐயோ' என்று இழுத்தது. அவள் முன்னால் பாய்ந்து ஹேண்டில்பார் மேல் படுத்துக்கொண்டாள். பட்டை எதையோ கவ்வியது. அடுத்த கணம் உச்சியில் வானம் மட்டும் இருந்தது. வண்டியைக் காணோம்.

கூட்டம் வெறிபிடித்தது போலக் கத்தியது. கார்ன் சரிவின் நடுவில் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான்.

எனக்குப் பக்கத்தில் நடுவர் தலையை ஆட்டினார். கம்பத்தைத் தவறவிட்டாள். அவளுடைய கணக்கு அதற்கு முந்தைய ஜோடியோடு முடிந்தது. மைக்கில் அதைச் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். கூட்டம் என்னைத் திட்டியது. பனிக்கட்டி ஒன்று வந்து என் மேஜை மேல் உடைந்தது. அந்த வருடம் அவளுக்குக் கிடைத்தது ஐந்தாவது இடம்.

அவளுடைய பிக்கப் அன்றைக்கு மக்கர் செய்ததால் நான்தான் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியில் கேட்டேன்.

"கம்பம் கண்ணுல படலையா வென்னா?"

"பட்டுச்சு."

"அப்புறம்?"

"அதுக்குள்ள போனா பள்ளத்துல விழுந்திருப்பேன். வெளிய போனா மேல போகலாம். ரெண்டுல ஒண்ணுதானே அண்ணே."

"பரிசு போச்சே."

"அதை நான் எங்க வைக்கிறது? மேஜை பூரா அவனோட சீஸ் கோப்பை." ஆலை நடத்தும் போட்டியில் டெல் வாங்கியவை அவை.

வீட்டு முற்றத்தில் டெல் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். அவள் நொண்டாமல் இறங்குவதை முதலில் பார்த்துக்கொண்டான். பிறகு வாளியைக் கீழே வைத்தான்.

"என்ன ஆச்சு?"

"மேல போயிட்டேன். ஆனா கணக்குல வரல."

டெல் வழக்கம்போல யோசித்தான். நான் வண்டியைத் திருப்பி முடிக்கும் வரை யோசித்தான்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல டெல். வெயில் படுற பக்கம், பனியே இல்ல. கல்லும், ஒரு கம்பி வேலியும். அந்த வேலிக்கு இந்தப் பக்கம் வண்டிய நிறுத்த நான் பட்ட பாடு இருக்கே, ஏறினதுகூட அவ்ளோ கஷ்டமில்ல."

அவன் சிரித்தபடி அவளுடைய தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டான்.